இருபத்தைந்தாவது குழாய்

மணி பன்னிரண்டே முக்கால். மருத்துவமனைக்குப் போகிற புறவழிச் சாலை. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. விளக்குக் கம்பங்கள் உண்டு, ஆனால் மூன்றுக்கு ஒன்றுதான் எரியும். அந்தச் சாலையில் ஒரு பெண்மணி தனியாக ஸ்கூட்டரில் போகிறார். காலடியில் ஓர் ஐஸ் பெட்டி. அதற்குள்... இருபத்து நான்கு பேருடைய ரத்தம்.

மிரளாதீர்கள், திருட்டு ரத்தம் இல்லை. கொடுத்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், நான் சத்தமாகச் சொல்லப் போவதில்லை.

அவர் என் சிநேகிதனுக்குச் சித்தி. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக ரத்தம் சோதிக்கிறவர். கூட வேலை செய்கிறவர்களுக்கும் அவர் சித்திதான், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அன்றிரவு சித்திக்குப் பயமே இல்லை. கோபம்தான் இருந்தது. நாலு மாதமாக அடங்காத கோபம்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவருடைய அக்காள் செத்துப்போனார். சர்க்கரை வியாதி. சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசியில் ஓடிய உயிர். ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார், பெட்டிக்காரர் என்பார்கள். பெட்டியைத் திறந்தால் நீல வெளிச்சம், ம்ம்ம் என்று ஒரு முனகல். அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்தால் அதிர்வலை ரத்தத்துக்குள் போய்ச் சர்க்கரையைக் கரைக்குமாம். ஊசி போட்ட உடம்பில் மட்டும் அலை நுழையாதாம். கணவர் பேச்சைக் கேட்டு அக்காள் ஊசியை நிறுத்தினார். ஆறாம் நாள் சித்தி போய்ப் பார்த்தபோது அறை முழுக்க ஒரு வாடை. கனிந்து அழுகிய பழமும் நகச்சாயம் அழிக்கிற திரவமும் கலந்தது போல. ஊசி நின்றுபோன உடம்பு விடுகிற மூச்சு அது. சித்திக்குத் தெரியும். தெரிந்து என்ன... அன்றே கதை முடிந்தது.

பெட்டிக்காரர் சாவு வீட்டுக்கும் வந்தார். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கூடத்துச் சுவர் முழுக்கப் படங்கள், குணமானவர்களின் சிரித்த முகங்கள். பிழைத்தால் பெட்டியின் வேலை, செத்தால் செத்தவருடைய தப்பு. செத்தவர் எழுந்து வந்து மறுப்புக் கடிதம் எழுதவா போகிறார்?

இதோடு விட்டிருந்தால் சித்தி அழுது தீர்த்திருப்பார். ஆனால் அக்காளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அவளுக்கும் அதே வியாதி. வருகிற திங்கட்கிழமையோடு அவளுக்கும் ஊசியை நிறுத்திப் பெட்டி முன்னால் உட்கார வைப்பதாக அக்காள் கணவர் முடிவு செய்துவிட்டார். மனைவி செத்தும் புத்தி வரவில்லையா என்று கேட்பீர்கள். பெட்டி பொய்யென்றால் ஊசியை நிறுத்தச் சொன்ன பாவம் அவர் தலையில் விழுமே. அதைத் தாங்க முடியாமல் மனிதர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

சித்தி கத்திப் பார்த்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, பெட்டிக்காரரையும் அக்காள் கணவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"என்ன நடந்தா உங்க பெட்டி பொய்னு ஒத்துக்குவீங்க? இப்பவே எழுதிக் குடுங்க. அப்புறமா சொல்ற காரணம் எதுவும் செல்லாது."

பெட்டிக்காரரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பக்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மழுப்ப முடியுமா? எழுதினார். அசல் பெட்டி முன் உட்காருகிற பன்னிரண்டு சர்க்கரை நோயாளிகளில் பத்துப் பேருக்காவது சர்க்கரை ஐம்பது புள்ளி இறங்கும். அதே மாதிரி செய்த காலிப் பெட்டி முன் உட்காருகிற பன்னிரண்டு பேருக்கு இறங்காது. மாறாக நடந்தால் பெண்ணின் ஊசியை நிறுத்துவதில்லை. அக்காள் கணவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

காலிப் பெட்டியில் ஒரு நீல பல்பும் சின்ன மின்விசிறியும்தான். யாருக்கு எந்தப் பெட்டி என்று ஊர் மருந்துக் கடைக்காரர் இரண்டிரண்டு பேராகப் பிரித்துக் காசு சுண்டிப் போட்டு முடிவு செய்தார். சீட்டில் குறித்து, உறையை ஒட்டி, தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாது. திரைக்கு வெளியே நின்ற பெட்டிக்காரருக்குத் தெரியாது. சித்திக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று சொன்னதே அவர்தான். கோபக்காரர் கண்ணுக்குக் கோபத்துக்கு ஏற்ற எண்தான் படும் என்று அவருக்குத் தன்மேலேயே சந்தேகம்.

உட்காருவதற்கு முந்தைய அளவு ஏற்கெனவே நோட்டில் இருந்தது. உட்கார்ந்து எழுந்த பிறகு எடுத்த ரத்தம்தான் அந்த ஐஸ் பெட்டியில் போனது. பகலில் எந்திரங்கள் நோயாளிகளுக்கு வேண்டும். சும்மா கிடப்பது ராத்திரியில்தான்.

ஆய்வுக்கூடத்தில் யாருமில்லை. குளிர்பெட்டி மட்டும் உறுமி உறுமி அடங்கியது. சித்தி குழாய்களைத் தாங்கியில் அடுக்கினார். எண்ணினார், இருபத்து நான்கு. திருப்பி எண்ணி நோட்டில் எழுதினார். ரத்தத்தைச் சுழற்றித் தெளியவைக்கிற எந்திரத்தில் சரியாக இருபத்து நான்கு குழி. எல்லாம் நிரம்பியது. மூடினார். விர்ர்ர்... பத்து நிமிஷம்.

முதலில் வந்தது வாடை. கனிந்து அழுகிய பழ வாடை.

பிறகு பின்னாலிருந்து சத்தம். டிக்... டிக்... கண்ணாடி எதிலோ மெல்ல இடிக்கிற மாதிரி.

திரும்பினார். காலியாக இருந்த தாங்கியில் ஒரு குழாய் நின்றுகொண்டிருந்தது.

சுழல்கிற எந்திரத்தைப் பார்த்தார். இருபத்து நான்கும் உள்ளே. கையை நீட்டி அந்தக் குழாயைத் தொட்டார். ஐஸில் வந்த ரத்தமெல்லாம் சில்லென்று இருக்க, இது மட்டும்... உடம்புச் சூடு. ஒட்டியிருந்த சீட்டில் பெயரில்லை, எண்ணில்லை. தேதி மட்டும். அக்காள் செத்த நாள்.

உங்களையும் என்னையும் போன்றவர்கள் என்றால் கதவைப் பார்த்து ஓடியிருப்போம். சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உசிரோட இருந்தப்ப எம் பேச்சைக் கேக்கல. இப்ப எங் கணக்கைக் கெடுக்க வந்தியா?"

டிக் என்ற சத்தம் நின்றது.

ஒன்றை ஒளித்தாலும் மொத்தக் கணக்கும் நிற்காது என்று தெரிந்தவர் சித்தி. எதையும் ஒளிக்கவில்லை. அதையும் சோதித்தார். எழுநூற்று எண்பது. கடைசி நாளில் அக்காளுக்கு இருந்த அதே அளவு. நோட்டில் எழுதினார்: 'மணி 1.35. ஒரு குழாய் அதிகம். எங்கிருந்து வந்தது தெரியவில்லை. அளவு 780. கணக்கில் சேர்க்கவில்லை.' கையெழுத்துக் கொஞ்சமும் கோணவில்லை. என் சிநேகிதன் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறான்.

காலையில் எல்லாரும் கூடி உறையைப் பிரித்தார்கள். அசல் பெட்டியில் ஐம்பது புள்ளி இறங்கியவர்கள் இரண்டு பேர். காலிப் பெட்டியில் மூன்று பேர். மின்விசிறிக்குத்தான் சக்தி அதிகம் என்றார் மருந்துக் கடைக்காரர். பெட்டிக்காரர் அசரவில்லை. திரைத்துணி அலையை மறித்துவிட்டது என்றார், சந்தேகப்படுகிறவர்கள் வீட்டில் பெட்டி முகம் கொடுக்காது என்றார். சொல்லச் சொல்ல அக்காள் கணவரின் தலை ஆமாம் என்று மெல்ல ஆட ஆரம்பித்தது.

சித்தியின் கைப்பையில் அந்தக் குழாய் இருந்தது. இன்னும் ஆறவில்லை. எடுத்து மேசைமேல் வைத்து, அக்கா வந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் காலில் விழுந்திருப்பார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பேய்க்குப் பயந்து இன்று மாறுகிறவர், நாளைக்கு இதைவிடப் பெரிய பேயோடு ஒருவன் வந்தால் அவன் பின்னால் போவார். சித்தி அதை விழுங்கிவிட்டு, காகிதத்தை அவர் முன்னால் தள்ளினார்.

"அத்தான், இது யார் கையெழுத்து?"

அவர் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னுதுதான்."

"அப்ப பொண்ணோட ஊசியை எடுத்துக் குடுங்க."

எழுந்து போய் எடுத்து வந்தார். "அப்ப... அவளை நாந்தானே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இல்லை என்று சித்தியும் சொல்லவில்லை.

பெட்டிக்காரர் மறுநாளே பக்கத்து ஊருக்குப் பெட்டியோடு போய்விட்டார். அங்கே எழுதிக் கொடு என்று கேட்க ஆளில்லை. வாசலில் ஒரே கூட்டம். சித்தி நோட்டை எடுத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனார். பாதிக்கப்பட்டவர் யாராவது நேரில் வந்து சொன்னார்களா என்று அதிகாரி கேட்டார். வந்தார் என்று அங்கே எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அன்றும் ராத்திரி வேலை. ஐம்பது குழாய் தாங்குகிற பெரிய தாங்கியைக் கழுவிக் காலியாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, கை துடைக்கத் திரும்பினார். அவ்வளவுதான்.

வாடை... இந்த முறை மூச்சு முட்டுகிற அளவுக்கு.

தாங்கி நிமிர்ந்து நின்றது. ஒரு குழி காலியில்லை.

சித்தி ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு சீட்டாகத் தேதியைப் படிக்க ஆரம்பித்தார். அக்காள் குழாயில் இருந்தது செத்த நாள். இவை எல்லாமே இனிமேல் வரப்போகிற தேதிகள். முதல் குழாயில் இருந்தது மறுநாள் தேதி. அந்தக் குழாய் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது... பச்சைக் குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கிற குழாய்.