மூன்று மணி வரை

இல்லை, நாற்காலியில் எந்தக் குறையும் கிடையாது. உயரமான முதுகு, கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் வசதி. நீங்கள் அதையே சுற்றிச் சுற்றிக் கேட்பதால் சொல்கிறேன். அது என் மாமனாரின் நாற்காலி. எங்கள் வங்கியின் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி, முப்பத்தோரு வருஷம் அதே இடத்தில் கிடந்தது.

பெரிய வங்கிகளுக்கு விளம்பரம் இருக்கிறது. எங்களுடையது ஒரே குடும்பத்தின் சின்ன வங்கி. கீழே வேலை, மாடியில் வீடு. எங்கள் விளம்பரம் மாமனார்தான். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை கண்ணாடியருகே உட்கார்ந்திருப்பார். கடை திறக்கப் போகிறவர்கள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். அவர் இருந்தால் வங்கி இருக்கிறது. தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

அதனால் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஷட்டர் இறங்கும்வரை டாக்டர் வரக் கூடாது. வாசலில் டாக்டரின் வண்டி நின்றால் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது காலை பத்தரைக்கு. மாடியில் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று மணி வரை இருந்தாள். மாமனாருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

“நம்ம வீட்ல யாருக்கும் மூணு மணிக்கு முன்னாடி உடம்புக்கு வராது, மாப்ளே” என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு அதுவும் ஒரு வேலை.

அடுத்த தெருவிலிருந்த இன்னொரு சின்ன வங்கி ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கதவைச் சாத்தியது. திங்கட்கிழமை காலை எங்கள் எதிர் நடைபாதையில் நாற்பது பேர். வரிசை என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் செய்தித்தாள் படித்தார், ஒருவர் செருப்பு வாரைச் சரிசெய்தபடியே இருந்தார். எல்லோருடைய கண்ணும் கண்ணாடி மேல். ஒருவர் பணத்தை எடுக்க ஓடி வந்தால் மற்ற முப்பத்தொன்பது பேரும் ஓடி வருவார்கள். அப்படி வந்தால் எந்த வங்கியும் மாலை வரை தாங்காது.

ஒன்பது நாற்பதுக்கு மாமனார் என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் இடது கை மேஜையிலிருந்து நழுவியது. முகத்தின் இடது பக்கம் ஈரத் துணி மாதிரி தொங்கியது. என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் சொந்த அப்பாவுக்கும் இப்படித்தான் வந்தது. அவரை அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்றும் தினமும் காலை நடைப்பயிற்சிக்குப் போகிறார்.

நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினேன், நல்ல பக்கம் தெருவுக்குத் தெரியட்டும் என்று. கூடத்துப் பக்கம் மரத் தடுப்பு இருப்பதால் கேஷியர் எதையும் பார்க்கவில்லை. பின்னறைக்குப் போய் என் பெல்ட்டைக் கழற்றி வந்தேன். தாள் பொறுக்குகிற மாதிரி குனிந்து, அவர் கோட்டுக்கு அடியில் விட்டு, நாற்காலி முதுகோடு சேர்த்து இறுக்கினேன். பேண்ட் நழுவாமல் இருக்க நாள் முழுக்க ஒரு கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். அன்றைக்கு நான் ரொம்ப நிதானமாகத் தெரிந்ததாகக் கேஷியர் பிறகு சொன்னார்.

முதலில் உள்ளே வந்தது பேக்கரிக்காரர். தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“முதலாளி ஏன் திரும்பவே மாட்டேங்கிறாரு? கோவமா?”

“உங்களையெல்லாம் எதிர்ல பார்த்ததுல மனசு கஷ்டம் அவருக்கு.”

“ஐயையோ, நான் பஸ்ஸுக்கு நின்னேங்க.”

“இந்தத் தெருவுல பஸ்ஸே வராதே.”

“அதான் இவ்வளவு நேரமாகுது.”

முகம் சிவந்து வெளியே போனார். தெருவிலிருந்து கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்தார். மாமனார் வலது கையை மெதுவாக உயர்த்தினார். உயர்த்தியபடியே வெகுநேரம் வைத்திருந்தார். பேக்கரிக்காரர் இரண்டு தடவை பதிலுக்கு அசைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பதினொரு மணிக்குப் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். அந்தக் கை எதற்காக உயர்ந்தது என்கிறீர்கள். நாற்பது பேர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஒருவன் வேறு மாதிரி எடுத்துக்கொள்வானேன்?

பன்னிரண்டரைக்கு மாடியிலிருந்து மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, அப்பா சாப்பிட வரலையே?”

“பசிக்கலையாம்.”

“போனை அவர்கிட்ட குடுங்க.”

“கூட்டமா இருக்கும்மா.”

“கூட்டம் எங்க ஓடிப் போகுது? குடுங்க.”

ஓடிப் போகக்கூடியது கூட்டம் மட்டும்தான் என்று அவளுக்கு விளக்க நேரமில்லை. வைத்துவிட்டேன். அன்றைக்கு உள்ளே வந்தவர்கள் எல்லோரும் என்னிடம்தான் பேசினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன்.

மூன்று மணிக்கு ஷட்டரை இறக்கினோம். பெல்ட்டை அவிழ்த்து என் இடுப்பில் மாட்டிக்கொண்டு டாக்டரை அழைத்தேன். எப்போது வந்தது என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். ஏழு மணிக்கு மாமனார் இறந்தார்.

உடை மாற்றும்போது அவர் வயிற்றின் குறுக்கே இருந்த தடத்தை என் மனைவி பார்த்தாள். என் இடுப்பையும் பார்த்தாள். அவள்தான் உங்களிடம் வந்து புகார் கொடுத்தவள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நீயும்தானே பிரசவ வலியோடு மூன்று மணி வரை காத்திருந்தாய் என்று மட்டும் கேட்டேன்.

“நான் காத்திருந்தேன்” என்றாள். “அப்பாவை நீங்க கட்டி வெச்சீங்க.”

துக்கத்தில் இருப்பவள், அப்படித்தான் பேசுவாள். வங்கி மறுநாள் காலை ஒன்பதுக்குத் திறந்தது, இன்றும் திறந்திருக்கிறது. அவர் அமைத்த வழக்கத்தை அவருக்காகவே காப்பாற்றினேன். வாய்விட்டுக் கேட்டிருந்தாலும் அவர் இதைத்தான் கேட்டிருப்பார்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அவருக்குப் பேச்சே வரவில்லை என்று முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை வந்தது. அப்போது மணி ஒன்றரை. எதிர் நடைபாதை காலி, ஓர் ஆள் கிடையாது. நான் குனிந்து அவர் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். குழறலாக, ஆனால் எனக்குப் புரியும்படி, தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

“எல்லாரும் போயிட்டாங்க, மாப்ளே. என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க.”