வைத்தீஸ்வரன் சாருக்குப் படித்துக் காட்டியவை

முந்நூறு பக்கத்தைத் தாண்டும் நாவல்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. எங்கே நிறுத்துவது என்று எழுதியவருக்குத் தெரியவில்லையென்றால், அந்த வேலை படிப்பவர் தலையில் விழுகிறது.

அஞ்சலி, பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து நாகர்கோவிலுக்குக் கிளம்பும்போது நீங்கள் என்னிடம் ஒன்றுதான் கேட்டீர்கள். "அப்பா கடைசி ரெண்டு வருஷம் என்னென்ன புக் கேட்டார், எது பிடிச்சுது, ஒரு லிஸ்ட் மாதிரி எழுதி அனுப்புங்க ஆன்ட்டி." ஒரு வாரமாக எழுதிப் பார்க்கிறேன். லிஸ்ட்டாக வரவில்லை. எந்தப் புத்தகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அவர் சிரித்தது, கோபித்துக்கொண்டது, காபியை ஆறவிட்டது எல்லாம் கூடவே வந்துவிடுகிறது. வந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

தொடங்கி வைத்தவள் உங்கள் அப்பா வீட்டில் சமையலுக்கு வரும் கங்கையம்மாள். 2006 மழைக்காலம். சர்க்கரை அவர் கண் இரண்டையும் தின்று முடித்திருந்த நேரம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அம்மா, அய்யா பேப்பரைத் தலைகீயா வெச்சிகினு குந்திகினு கீறாரும்மா. ஒரு நாலு வரி படிச்சுக் காட்டேன், புண்ணியமா போவும்" என்றாள்.

நாலு வரி படிக்கப் போனேன். அதன்பின் ஞாயிறு தவிர தினமும் மாலை நாலிலிருந்து ஐந்தரை. பேப்பர் ஒரே மாதத்தில் அலுத்துவிட்டது. மேற்குத் தாம்பரத்தில் மாடியில் சௌகத் அலி பாய் வாடகை நூலகம் வைத்திருக்கிறார். வாரம் இரண்டு புத்தகம் அங்கிருந்து முடிச்சூர் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து வரும்.

முதலில் படித்தது தென்னந்தோப்பைப் பாகம் பிரிக்கும் மூன்று அண்ணன் தம்பிகளின் கதை. ஐந்நூற்று நாற்பது பக்கம். அதில் கோர்ட்டு மட்டும் தொண்ணூறு பக்கம். படித்துப் பார்த்தேன், வாய்தா தவிர ஒன்றும் நடக்கவில்லை. மொத்தமாகத் தாண்டிவிட்டேன். "கேஸ் என்னாச்சு?" என்று அவர் கேட்டபோது, "சமரசமாப் போயிட்டாங்க சார்" என்றேன். "நல்ல பசங்க" என்றார். மூலத்தில் பெரியவன் சின்னவனை வெட்டிவிடுவான். அதற்கு அந்த ஆசிரியர் எந்த முன்னேற்பாடும் செய்திருக்கவில்லை என்பது என் கருத்து.

பிறகு ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் சுயசரிதை. தன்னைப் பற்றிய புகழ்ச்சியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அறுபது பக்கம். அந்த அறுபதைத்தான் படித்தேன். உங்கள் அப்பா, "எவ்வளவு அடக்கமான மனுஷன் பாரு" என்று ஆச்சரியப்பட்டார். அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்க உள்ளே போக வேண்டியிருந்தது.

அவருக்கு மிகவும் பிடித்தது கதையே இல்லை, காக்கைகளைப் பற்றி ஒரு ஆராய்ச்சிப் புத்தகம். காக்கை மனித முகத்தை வருஷக்கணக்கில் மறக்காது என்று அதில் வரும். அந்தப் பக்கத்தை மூன்று முறை கேட்டார். மறுநாளிலிருந்து மொட்டைமாடியில் சோறு வைக்கும்போது முகத்தை நன்றாக மேலே தூக்கிக்கொண்டு நிற்பார். "அதுங்க என்னைத் தெரிஞ்சுக்கட்டும். எனக்குத்தான் அதுங்களைத் தெரியாது." அந்தப் புத்தகத்தில் மட்டும் நான் ஒரு வரியும் மாற்றவில்லை. மாற்ற ஒன்றும் இல்லை. நல்ல புத்தகம், உங்கள் பையனுக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

நாவல்களின் முடிவுகளை அப்படிச் சொல்ல முடியாது. வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்த ஒன்று. நல்ல பெண், கெட்ட புருஷன், கடைசியில் குளம். எத்தனை பெண்களைத்தான் குளத்தில் தள்ளுவார்கள்? நான் அவளைக் கரையிலேயே நிறுத்தி, பக்கத்து ஊரில் ஒரு தையல் கடை வைத்துக் கொடுத்தேன். அவர் சந்தோஷம் தாங்காமல் பார்க்கில் தன் சிநேகிதர் தயாளனிடம் சொல்லியிருக்கிறார். தயாளன் அந்தக் காலத்திலேயே அதைப் படித்தவர், சும்மா இருப்பாரா?

"ஜெயஸ்ரீ, அவ செத்துட்டான்னு தயாளன் அடிச்சுச் சொல்றான்."

"அது பழைய பதிப்பு சார்."

காபி டம்ளரைத் தடவி எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "நல்லவேளை, நமக்குப் புதுப் பதிப்பு கிடைச்சுது" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்று நீங்கள் கேட்கலாம். கிண்டியில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் போன் போர்டில் உட்கார்ந்திருந்தவள் நான். அங்கே என் குரலுக்கு ஆயுள் மூன்று வார்த்தை. "ஒரு நிமிஷம், இணைக்கிறேன்." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் என்னை மறந்துவிடுவார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, காபி ஆறுவது தெரியாமல், ஒன்றரை மணி நேரம் என் குரலைக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்படிக் கேட்கும் ஒருவருக்கு எதைப் படித்துக் காட்டுகிறோம் என்பதில் பொறுப்பு வேண்டாமா? எதையும் முதலில் நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் கொண்டுபோவேன். புத்தகமானாலும் சரி, தபாலானாலும் சரி.

உங்கள் முதல் கடிதம் 2007 ஜூனில் வந்தது. கங்கையம்மாள் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் கேட்டிலேயே நின்று படித்தேன். தொடக்கம் மிக நன்றாக இருந்தது. "அப்பா, பையனுக்கு மூணு வயசாச்சு, மூக்கு அப்படியே உங்க மூக்கு" என்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள். நடுவில் லாசரஸைக் கல்யாணம் செய்துகொண்டபோது நடந்த சண்டை, அவர் "இனி இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னது, உங்கள் அழுகை. அந்தப் பகுதி நீளம். சாருக்கு நெஞ்சு பலவீனம், அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு நாளில் படிக்கலாம் என்று என் அலமாரியில் வைத்தேன். எல்லா வாசகர்களும் செய்வதுதான். உடனே படிக்க முடியாததை எடுத்துவைப்போம்.

இரண்டாவது தீபாவளி சமயத்தில் வந்தது. ஒரே பக்கம். கச்சிதம். கீழே உங்கள் செல் நம்பர். "பேச வேண்டாம்ப்பா. ஒரு மிஸ்டு கால் குடுங்க போதும், நான் புரிஞ்சுக்கறேன்." இதைவிடச் சிக்கனமான வரியை அந்த வருஷம் நான் வேறு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. மனதாரச் சொல்கிறேன். சாவுச் சேதி சொல்ல உங்களைக் கூப்பிட்டபோது, உங்கள் நம்பர் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டீர்கள். சார் டைரியில் இருந்தது என்றேன். இந்தக் கடிதத்தில் இருந்ததுதான்.

அந்த மிஸ்டு காலை அவர் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை. நீங்கள் வருவீர்கள், கூப்பிடுவீர்கள், அவர் போய்விடுவார். நாகர்கோவிலில் அவருக்கு யார் படித்துக் காட்டுவார்கள்? உங்களுக்கு ஆபீஸ், பையன், வீடு. வாரத்தில் ஒரு நாள் நாலு பக்கம் படிப்பீர்கள், அதுவும் உள்ளதை உள்ளபடி, கோர்ட்டு தொண்ணூறு பக்கத்தோடு.

அடுத்த ஜனவரியில் பாய் ஒரு சின்ன நாவலைக் கொடுத்தார். "இது அழ வைக்கும்மா, பார்த்துக்கங்க" என்றார். மகளைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஒரு கிழவரின் கதை. முன்கூட்டிப் படிக்க எனக்கு நேரமில்லாமல் போன ஒரே புத்தகம் அது. பத்தாவது பக்கத்திலேயே உங்கள் அப்பாவின் கை நாற்காலிப் பிடியைத் தேட ஆரம்பித்தது. நிறுத்தட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். இரண்டே நாளில் முடித்தோம். முடித்ததும், "பேப்பர் பேனா எடு. அஞ்சலிக்கு ஒரு லெட்டர் எழுதணும்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அட்ரஸ் தெரியாதே என்று அவர் கவலைப்பட்டார். விசாரித்து அனுப்புகிறேன் என்றேன். அட்ரஸ் உங்கள் இரண்டு உறைகளின் பின்னாலும் இருந்தது. அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாவது பத்தி கொஞ்சம் இழுவை, மன்னிப்பு ஒரு தடவை கேட்டால் போதும், அவர் நாலு தடவை கேட்கிறார். கீழே அவர் போட்ட கையெழுத்துக் கோணலாக இருக்கும். வரி எங்கே என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து, "பதில் வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை சார். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நாங்கள் ஒரு நகைச்சுவைக் கட்டுரைத் தொகுதியை ஆரம்பித்தோம். சுமாரான புத்தகம், இருந்தாலும் அந்த நேரத்துக்குப் பொருத்தம்.

மூன்றாவது கடிதம் மே மாதம். அது உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். உறவில் ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸ் வந்திருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறுகிறீர்கள். வாசல்படி மிதிக்கக் கூடாது என்று அவர் சொன்னதால் வீட்டுக்கு வரவில்லை. நாலு மணிக்கே வந்து பிளாட்பாரத்துப் புத்தகக் கடைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். மன்னிக்க மனசிருந்தால் அப்பா வரலாம். வராவிட்டால் இனி எழுத மாட்டீர்கள்.

நான் போனேன்.

உங்களுக்கு அடுத்த பெஞ்சில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஊதா காட்டன் புடவை கட்டியிருந்தீர்கள். செங்கல்பட்டுப் பக்கமிருந்து எந்த வண்டி வந்தாலும், நகரத்துப் பக்கமிருந்து எந்த வண்டி வந்தாலும், நீங்கள் படிக்கட்டைத்தான் பார்த்தீர்கள். உங்கள் பையன் என்னிடம் வந்து, "பாட்டி, இதுல படம் இருக்கா?" என்று கேட்டான். இல்லை கண்ணா என்றேன். மூக்கு நீங்கள் எழுதியபடியேதான் இருந்தது. "தொந்தரவு பண்ணாதடா" என்று அவனை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"மணி என்னங்க?"

"அஞ்சே முக்கால்."

"ஆறேகாலுக்கு வண்டி" என்றீர்கள், நான் கேட்காமலே. காரியத்துக்கு வந்தபோது என்னை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாததில் வருத்தமில்லை.

வண்டி கிளம்பும் வரை இருந்துவிட்டுத்தான் வந்தேன். நாற்பது பக்கம் படித்திருந்தேன். ஒன்றும் பிரமாதமில்லை.

இந்தக் கடிதத்தையும் அவரிடம் சொல்லாமலே விட்டிருப்பேன். கங்கையம்மாள்தான் காரியத்தைக் கெடுத்தாள். மறுநாள் நான் உள்ளே நுழையும்போதே, "அய்யா, நம்ம பொண்ணு லெட்டர் வந்துச்சே, அம்மா படிச்சுக் காட்டிச்சா? இன்னா எய்திகீது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கையை நீட்டினார். என் பையிலிருந்த உறையைக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், திருப்பி என்னிடம் தந்தார்.

"படி."

யோசிக்க நேரமில்லை. காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தேன். "அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் குடும்பத்தோடு மஸ்கட்டுக்குக் குடிபெயர்கிறோம். நான் சந்தோஷமாக இருக்கிறேன். இனி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம், அவரவர் நிம்மதியாக இருப்போம். இப்படிக்கு அஞ்சலி." அதிர்ச்சி இல்லை, அழுகை இல்லை, குளம் இல்லை. அவசரத்தில் செய்ததற்கு அது நல்ல முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். "அஞ்சலி இவ்வளவு நாசூக்கா எழுத மாட்டாளே" என்றார். என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. மூலத்தை எழுதியவர் என்ற முறையில் உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வாசிப்பு பழையபடி நடக்கவில்லை. எந்த நாவலை எடுத்தாலும் பத்து பக்கத்தில், "போதும், அந்த லெட்டரைப் படி" என்பார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவதாகக் கங்கையம்மாள் சொன்னாள். மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். நவம்பரில், காலை காபிக்கு அவள் எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்றார் டாக்டர்.

கணக்குப் பார்த்தால் அவருக்கு நான் அதிக முறை படித்தது எந்தப் புத்தகத்தையும் அல்ல, அந்தக் கடிதத்தைத்தான். ஆறு மாதம், அநேகமாக தினமும். எழுதி வைக்காத கடிதம், எல்லாம் ஞாபகத்திலிருந்து. ஆனாலும் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை முன்னே பின்னே போனதில்லை. மற்றப் புத்தகங்களை நான் எப்படிப் படித்திருந்தாலும், அஞ்சலி, உங்கள் கடிதத்தை மட்டும் கடைசிவரை உள்ளது உள்ளபடிதான் படித்தேன்.