ஸ்வெட்டரில் சிவப்புக் கட்டம்

பகல் ஷிப்ட் விட்டு குன்றத்தூர் போகும் கம்பெனி பஸ். முன் சீட்டில் டி.வி. செய்யும் கம்பெனிப் பெண்கள் இருவர், வேர்வையில் ஒட்டிய நீல யூனிஃபார்மோடு.

"அந்த கோல்ஃப்காரன் ஸ்வெட்டரை மாத்திட்டான்க்கா. எனக்கு மெமோ குடுத்துட்டாங்க," என்றாள் இளையவள்.

அந்த வெயிலில் ஸ்வெட்டர் என்றதும் பின் சீட்டில் இருந்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அவன் மாத்துனா உனக்கு இன்னாத்துக்கு மெமோ?"

"டெஸ்டிங்ல டி.வி.ல போட்டுப் பாக்க ஒரு வருசமா அவன் கோல்ஃப் ஆடுற ஒரே கேசட்தானே ஓடுது. அவன் ஸ்வெட்டர்ல கீற செவப்புக் கட்டத்தைப் பாத்துதான் கலர் சரின்னு சீல் வைப்பேன். இன்னிக்கு அதே ஆளு, அதே கிரவுண்டு, கட்டம் மட்டும் பழுப்பா கீது. கலர் போச்சுன்னு நாப்பது டி.வி.யை ஒதுக்கிட்டேன். லைனே நின்னுபோச்சு."

"புதுக் கேசட்டுன்னு சொல்ல மாட்டாங்களா?"

"அதைத்தான் கேட்டேன். 'எத்தினி நாளைக்கும்மா அவன் ஒரே ஸ்வெட்டரைப் போட்டுக்கினு இருப்பான்'னு சூப்பர்வைசர் கேக்குறாரு. லைனே சிரிக்குது."

"நீ இன்னா சொன்ன?"

அவள் காலரை இழுத்துக் கழுத்தைத் துடைத்தாள்.

"இன்னா சொல்றது? வேலைக்கு வர்றவன், நம்மள மாதிரி அவனுக்கும் அது ஒண்ணுதான் குடுத்துருப்பாங்கன்னு நெனச்சிட்டேன்க்கா."