காதறுந்தவள் போட்ட கிளைகள்

— அதெல்லாம் அப்புறம் பேசலாம், ஒதேங். முதல்ல நிழலுக்கு வா. வெறுந்தலையோட வந்திருக்கே. காட்டுக் காவல்காரன் தொப்பி எங்க?

— அது ஆத்துல போயிடுச்சு, லெசேகோ அம்மா. படகுல வரும்போது காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு. பேச்ச மாத்தாதீங்க. ஒரே ஒரு வார்த்தை. பதீசிய மிதிச்சுக் கொன்னது அந்தக் காதறுந்த யானைதான்னு சொல்லிடுங்க. நாளைக்கே சுட்டுடுவோம்.

— சுடறதுக்கு என் வார்த்தை எதுக்கு? துப்பாக்கி உன்கிட்டதானே இருக்கு.

— விடுதிக்காரன் விட மாட்டேங்கறான். கடல் தாண்டி வர்றவங்கெல்லாம் அவளைப் பாக்கத்தான் வர்றாங்களாம். அவ தந்தத்தப் படம் பிடிச்சு சுவரெல்லாம் மாட்டி வச்சிருக்கான். செத்தவன் பொண்டாட்டி வாயால சொன்னாத்தான் ஒத்துப்பானாம்.

— அவன் உன்னை நம்பல.

— இதென்ன பேச்சு! காடு பூரா யானை. தப்பான ஒண்ண சுட்டுடக் கூடாதுங்கறான், அவ்வளவுதான். சத்தியமா சொல்றேன், நசுக்கிப் போட்டிருந்தா. என் கண்ணால பாத்தேன். கறி ஊருக்குத்தான். முதல் பங்கு உங்க வீட்டுக்கு.

— நான் யானைக் குலத்துல பொறந்தவ. உன் குலம் முதலை. நீ முதலைக் கறி தின்னுவியா?

— கோவப்படாதீங்க. நீங்க தின்ன வேண்டாம், உங்க மாமியார் வீட்டுல திம்பாங்க. பதீசிக்கு வேற குலம்தானே.

— கலயத்துல புளிச்ச பால் இருக்கு. எடுத்துக் குடி.

— வேண்டாம்.

— அவன் செத்ததுல இருந்து இந்த வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கறே. அவன் இருந்தப்போ கலயத்தயே நக்கிட்டுப் போவே.

— வயிறு சரியில்ல. சத்தியமா... அதோ, மாட்டுப்பட்டி வேலி பிஞ்சு கிடக்கே. அவ வேலைதானே?

— ஆமா. சாயங்காலமானா வர்றா. உள்ள அவனைப் புதைச்ச இடத்துல வந்து நிக்கறா.

— மாடு மிரளல?

— ஒரு கன்னுக்குட்டிகூடக் கத்தறதில்ல. தும்பிக்கைய மண்ணு மேல வச்சுக்கிட்டு நிக்கறா. மூச்சு மட்டும் கேக்கும். நான் துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டினவ, பட்டிக்குள்ள போகக் கூடாது. இந்த வருஷம் பூரா என் புருஷன்கிட்ட போய் நிக்க எனக்கு வழியில்ல. அவளுக்கு இருக்கு.

— கேக்கவே பயமா இருக்கு. தான் கொன்ன ஆளோட வாசனையப் பிடிச்சுக்கிட்டு வர்றா. ஒரு நாள் உங்களையும் பிள்ளையையும்...

— பயம் எனக்கு இல்ல, ஒதேங்.

— எனக்கென்ன பயம்? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— பதீசி அன்னிக்கு எதுக்கு ஆத்தத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள்ள போனான், தெரியுமா?

— மாட்டத் தேடின்னு சொன்னாங்க.

— அந்தச் சிவப்புப் பசு. கழுத்துல மணி கட்டினது. பொழுது சாயறப்போ போனான். விடியக்காலம் பசு மட்டும் வந்துது. அது வந்த தடத்துலயே நான் திரும்பி நடந்தேன்.

— நீங்களா? ஆத்துக்கு அந்தப் பக்கமா? என்கிட்ட சொல்லவே இல்லையே. நாங்கதானே முதல்ல பாத்தோம். நாங்கதானே தூக்கிட்டு வந்தோம்.

— படுதாவுல சுத்தி, கயிறு போட்டுக் கட்டி. அவிழ்க்காதீங்க, பாக்கற மாதிரி இல்லன்னு இதே வாசல்ல நின்னு அழுதே. சரின்னேன். ஏன் சரின்னேன்னு நெனச்சே?

— லெசேகோ அம்மா...

— அந்தக் காதறுந்தவ அவன் பக்கத்துல நின்னா. என்னைப் பாத்துக் காதை விரிச்சா. நான் எங்க குலப்பேரச் சொன்னேன். மெல்லப் பின்னால நகந்து போனா. அவன் மேல மோபானே மரத்துக் கிளை, பச்சை இலையோட. பக்கத்து மரம் மொட்டையாகற அளவுக்கு ஒடிச்சுப் போட்டு மூடியிருந்தா. அவங்க கூட்டத்துல செத்தா அப்படித்தானே மூடுவாங்க?

— கொன்னுட்டும் மூடும். நானே பாத்திருக்கேன், சத்தியமா.

— ஒவ்வொரு கிளையா எடுத்தேன். ஒரு எலும்பு ஒடியல. அவனைப் புரட்டினேன். முதுகுல ஒரு ஓட்டை. என் சுண்டுவிரல் போற அளவு. அப்புறம் கிளைய எல்லாம் இருந்த மாதிரியே அடுக்கிட்டு வந்தேன்.

— அந்தப் பக்கம் எவன் நடந்தாலும் கூப்பிட்டுக் கேக்காம சுட்டுடணும்னு எங்களுக்கு உத்தரவு. தந்தத் திருடனுங்க சுத்தற காலம். இருட்டிப் போச்சு, மறைவுல ஒரு ஆளு குனிஞ்சு போறான்...

— மணிச் சத்தம்கூடவா கேக்கல?

— மணி... பசு தூரத்துல இருந்திருக்கும்.

— இருந்திருக்கும்.

— யார்கிட்ட சொன்னீங்க?

— யார்கிட்டயும் இல்ல. நீ வருவேன்னு தெரியும். ஆனா அவளைக் கொல்லச் சொல்லிக் கேட்டு வருவேன்னு நெனைக்கல.

— நான் சுட்டேன்னு யாரு சொன்னா? அன்னிக்கு நாங்க பல பேரு போயிருந்தோம். எவன் குண்டுன்னு எவனுக்குத் தெரியும்? உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

— சுட்டவன் கிட்ட வந்திருக்கான். புரட்டிப் பாத்திருக்கான். யாருன்னு தெரிஞ்சதும் கண்ண மூடிவிட்டிருக்கான். அப்பவும் அந்த மொகத்தப் பாக்க முடியாம, அது மேல ஒண்ண வச்சு மறைச்சிட்டுப் போயிருக்கான். அவ கிளை போட்டது அதுக்கப்புறம்தான். அதையும் சேத்துதான் மூடியிருந்தா.

— நான் கெளம்பறேன்.

— உள்ள ஆணியில மாட்டியிருக்கேன், ஒதேங். வெயில் தாழல. எடுத்துத் தலையில போட்டுக்கிட்டுப் போ.