விதைப்பூண்டும் நான்காம் பக்கமும்

மாலையையும் மைக்கையும் கொடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் சுருக்கச் சொல்லியிருக்கும் தலைவர் சேனாதிபதி அவர்களே! பூம்பாறைப் பெரியோர்களே! பூண்டுக் காட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வடை வரும் திசையையே பார்த்து அமர்ந்திருக்கும் செல்வங்களே! அனைவருக்கும் மணிமேகலை டீச்சரின் மனமார்ந்த வணக்கம்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதுவரை நாம் கொடுத்த கதை என்ன? அண்ணன் தங்கைக்குப் பழம் கொடுத்தான். தங்கை அண்ணனுக்குப் பூக் கொடுத்தாள். இப்படியோர் அண்ணனை இந்த மலையில் எவராவது பார்த்ததுண்டா? என்னம்மா, பின்வரிசையில் சிரிப்பு? உங்கள் வீட்டிலும் இல்லைதானே!

ஆகவே வீட்டுச் சண்டைகளைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லி, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிப் புத்தகமாக்கினேன். நான்காம் பக்கம் ஐந்தாம் வகுப்பு சந்தோஷ்குமார் சொன்னது. ஊறுகாய்க்குப் பூண்டு உரிக்கச் சொன்னால், அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டை ஒரு கட்டு முழுக்க உரித்துத் தள்ளிய மகராசன் அவன்! நடவுக்கு வைத்திருந்தது போயிற்றே என்று அப்பா கத்தியதும், தங்கை ரம்யாவைக் கைகாட்டிவிட்டான். அவள் முதுகில் இரண்டு விழுந்தன. நான் இல்லை என்று அழுததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதை என்னிடம் எப்படித் துணிந்து சொன்னான்? இரண்டாம் வகுப்பு ரம்யாவுக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் படிக்க வராது. அப்பா புத்தகத்தைத் தொடவே மாட்டார். அவ்வளவு நம்பிக்கை! நான் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். தப்பென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

நான்காம் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்த ரம்யா, என்ன போட்டிருக்கிறது என்று அண்ணனைக் கேட்டாள். நீ ரொம்ப நல்ல பிள்ளை என்று போட்டிருக்கிறதாம்! நம்புவாளா? ஒரு வருடம் நான் கெஞ்சியும் கொஞ்சியும் தொடாத புத்தகத்தை அன்று எடுத்தவள் கீழே வைக்கவில்லை. தடவினாள், தடுமாறினாள், திரும்பத் திரும்ப வந்து என்னைக் குடைந்தாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் அப்பா முன்னால் போய் நின்று, பக்கத்தின் மேலே இருந்த அண்ணன் பெயரில் தொடங்கி, விரல் வைத்து உரக்கப் படித்தாள்.

"விதைப்பூண்டை உரித்தது நான். அடி வாங்கியது ரம்யா."

அப்பா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"தப்பு என் மேலதான். இன்னொரு தடவ படி தாயி," என்றார்.

படிப்பு எதற்கு என்று கேட்பவர்களே! தன்மேல் விழுந்த பழியைத் தன் வாயாலேயே துடைத்துப் போட்டாளே ஏழு வயதுப் பிள்ளை, அதற்குத்தான்!

மறுநாள் வெள்ளனே சந்தோஷ் என் வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், இவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுங்கன்னு யாரு உங்களக் கேட்டது?"

இத்தனை வருட வேலையில் நான் வாங்கிய பாராட்டையெல்லாம் இந்த ஒரு புகார் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. புகார் கொடுத்தவனுக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி, வணக்கம்!