ஒத்திகையில் விழுந்த மூன்று அடி

இல்ல மேடம், கை தவறிப் பட்டுச்சுன்னு எழுதாதீங்க. ஸ்டேசனுக்கு வெளியில நிக்கிறாங்களே எங்க நாடகக் குழு, அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. மரத் துப்பாக்கி வழுக்கிடுச்சாம். என்மேல பாசம், வேறென்ன? வழுக்குறது மூணு தரமா மேடம் வழுக்கும்?

நான்தான் அடிச்சேன். முதல் அடி காதுக்கு மேல. ரெண்டாவதுல பல்லு தெறிச்சு விழுந்துச்சு. மூணாவதுல துப்பாக்கியே ரெண்டாப் பிளந்துடுச்சு. பேப்பர் குடுத்தா நானே எழுதித் தரேன். எங்க வீட்டுல முதல் டிகிரி நான்தான். இந்த லட்சணத்துக்கா படிச்சேன்னு அம்மா கேக்கும். கேக்கட்டும்.

யாரு, வெல்டர் மாமாவா? தங்கமான மனுசன்னுதான் நானும் சொல்லிட்டிருந்தேன். நாங்க எல்லாருமே சண்டையில ஊரை விட்டு ஓடி வந்தவங்க மேடம். பட்டதை ஒருத்தர் எழுதணும், மத்தவங்க நடிக்கணும், அதான் எங்க வழக்கம். சிப்பாய் வேசம்னா ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க. இவரு மட்டும், நான் போடுறேன் கண்ணு, யாராவது போட்டுத்தானே ஆகணும்பாரு. ஒத்திகை முடிஞ்சு மேடையக் கூட்டுறதும் அவரேதான்.

இந்தத் தரம் என் கதை. எங்க அண்ணனை வீட்டுக்குள்ள வெச்சே அடிச்சுக் கொன்னாங்க. நான் பரண்மேல, மூட்டைக்குப் பின்னால கிடந்தேன். பலகை இடுக்குல எல்லாம் தெரிஞ்சுது. கத்தக் கூடாதுன்னு என் கையை நானே கடிச்சுக்கிட்டேன், இந்தா, தழும்பு.

நாடகத்துல சின்னக் காட்சிதான். சிப்பாய் வர்றான், மண்டி போடச் சொல்றான், அடிக்கிறான். அவ்ளோதான். நாடகம் எழுதின நோட்டு என் பையில இருக்கு, பாத்துக்கோங்க.

இன்னிக்குக் காலையில ரொட்டிக்கடைக்காரரு அண்ணனா மண்டி போட்டாரு. அண்ணன் மாதிரி இருக்கட்டும்னு ஒரு கண்ணாடிய நான்தான் மாட்டிவிட்டிருந்தேன். மாமா துப்பாக்கிய அக்குள்ல இடுக்கிட்டுக் குனிஞ்சாரு. கண்ணாடியக் கழட்டினாரு. சட்டை நுனியில பொறுமையாத் துடைச்சாரு. மடிச்சு, அவரு சட்டைப் பையில வெச்சு, பையை ரெண்டு தட்டு தட்டினாரு. அப்புறம்தான் துப்பாக்கிய ஓங்கினாரு. மாமா பின்றாருப்பான்னு எல்லாரும் கை தட்டுறாங்க.

நான் துப்பாக்கியப் பிடுங்கினது அப்போதான்.

இல்ல மேடம், யாரும் சொல்லிக் குடுக்கல. அந்தக் கண்ணாடியத் துடைச்சுப் பையில வெச்சதை நான் எழுதவே இல்ல. எழுத வரல. அம்மாகிட்டகூட இன்னிவரைக்கும் சொன்னதில்ல. அந்த வீட்டுல அன்னிக்கு இருந்தது அண்ணன், பரண்மேல நான், அப்புறம் அவன். முகத்துல துணி கட்டியிருந்தான் மேடம். இல்லேன்னா ரெண்டு வருசமா மாமான்னு கூப்பிட்டிருப்பேனா?