வேப்பங்கன்னுக்கு முந்நூறு அடி

...ஒரே ஒரு ஆளு கொறையுதுங்க! அதுக்குப் போயி நாப்பது வருசத்துச் சங்கத்த இழுத்து மூடுவாங்களாமா? நீங்களே சொல்லுங்க தம்பி. சித்த அந்தக் காதுல இருக்கறதக் கழட்டுங்க... ஆங், அப்படி. நீங்க சன்னலோரம் ஒக்காந்துட்டீங்க, சேலம் போற வரைக்கும் என்னத் தாண்டி எங்கயும் போக முடியாது. நல்லதாப் போச்சு.

எங்குளுது திருச்செங்கோடு மலையடிவாரச் சேவைச் சங்கமுங்க. நாந்தான் தலைவர், சின்னண்ணன். விதிப்படி இருபது உறுப்பினர் இருக்கோணும். இப்பப் பத்தொம்பது. இன்னிக்குச் சாயங்காலம் சேலத்துல மாவட்ட ஆளுநர் முன்னால இருபதாவது ஆள நிறுத்தலீன்னா சங்கம் போச்சு! ஆளுநருன்னா ராஜ்பவன்ல இருக்கறவரு இல்லீங்க, பயப்படாதீங்க. சங்கத்து ஆளுநரு. தாரமங்கலத்துல தறி வெச்சிருக்காரு. ஆனா கழுத்துல அந்தப் பதக்கத்த மாட்டிட்டாருன்னா அவரு சம்சாரமே எந்திரிச்சு நிக்கோணும். நெறிமுறைங்க.

வரலாறு சொல்லோணுமல்ல? ஆரம்பிச்சவரு செங்கோடன், போர்வெல் போடற ரிக் வண்டி ஓனரு. எங்கூர்ல யாருதான் ரிக் ஓனரு இல்லீங்க? போர் போட நாக்பூர் பக்கம் போனவரு, அங்க ஒரு சங்கம் குளிருக்குக் கம்பளி குடுக்கறதப் பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு. ஊருக்கு வந்தாரு, சங்கத்த ஆரம்பிச்சாரு, மொத வேலையாக் கம்பளி குடுத்தாரு. சித்திரை மாசம்! இட்லிக் கடை முத்தாயம்மாள் அத வாங்கி இட்லிச் சட்டி மேல போத்திட்டு, "மத்தியானம் வரைக்கும் சூடு ஆறலீங்க, நல்லா இருங்க சாமி"ன்னாங்க. பயனாளி மகிழ்ச்சின்னு ஆண்டறிக்கையில போட்டோம். பொய்யா?

பொறவு ஊர் ஊராக் குடிதண்ணிக்கு போர் போட்டுக் குடுத்தோம். எல்லாத்துலயும் புழுதி. அதுக்கென்னங்க? தண்ணி வர்றது பூமாதேவி இஷ்டம், கல்வெட்டு வெக்கறது நம்ம கடமை.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. போன வருசம் சௌந்தர்யான்னு இஞ்சினீயரிங் காலேஜ் மேடம் ஒருத்தங்க சேந்தாங்க. "மரம் நடலாமுங்க ஐயா, ஒன்றரை அடிக் குழி போதும்"னாங்க. ஏனுங்க... ஊரு பூரா ரிக் நிக்குது. ராஜஸ்தான் வரைக்கும் போயி ஓட்டை போட்ட ஊருங்க இது! ஒன்றரை அடி தோண்டுனா எவன் மதிப்பான்? ரிக்க ஸ்டார்ட் பண்ணி ஒன்றரை அடியில நிறுத்துன்னா, டிரைவர் அன்பு எறங்கி நின்னு அழுவறானுங்க! அப்பத்தான் நாஞ்சொன்னேன், வேரு ஆழமாப் போகட்டும், முந்நூறு அடி போடுடான்னு.

போட்டான். வேப்பங்கன்ன வெச்சோம். வெச்சோமுங்க... தொப்புன்னு சத்தம் வருமுன்னு அத்தன பேரும் குனிஞ்சு காதக் குடுத்துட்டு நிக்கறோம். வரவே இல்ல. "ஐயா, செடி எங்க?"ன்னாங்க மேடம். "வேர் புடிக்கப் போயிருக்குதம்மா"ன்னேன். ஒரு பெரிய மனுசன் வேற என்னத்தச் சொல்றது?

குழியத் தெறந்து போடற ஆளுங்க இல்லீங்க நாங்க. கொழந்தைக நடமாடற எடம். ஊரு பூராப் போட்ட குழிக்கெல்லாம் அப்பப்பவே இரும்பு மூடி போட்டு, வெல்டு வெச்சு, மூடி மேல நன்கொடையாளர் பேரு எழுதியாச்சு. இன்னிக்கு வரைக்கும் மூடிக்கு மூடி ஒரு கொடம் தண்ணி ஊத்தறோம்! இந்த அக்கறைய எவன் பாக்கறான்? மேடம் ராஜினாமா.

அடுத்தது நம்ம பொருளாளரு மோகன்குமாரு. கடசிக் குழி அவரு நூல் குடோன் முன்னால. தண்ணிக்குப் போட்ட எடத்துலயெல்லாம் புழுதி, வேம்புக்குப் போட்ட எடத்துல பீச்சுது பாருங்க தண்ணி, ரெண்டு பனை ஒசரம்! நூல் மூட்டையெல்லாம் தெப்பமா மெதக்குது. சங்கத்தோட மொதத் தண்ணியாச்சேன்னு நான் ஓடிப் போயி அவருக்குச் சால்வை போத்துனேன். அந்தச் சால்வைய அங்கயே புழிஞ்சு எங்கைல குடுத்துட்டுப் போனவருதான், இன்னும் பேசல. கோவக்காரரு. இப்படி ஆளாளுக்குக் கோவிச்சுட்டா சேவைய யாரு பண்றது?

அதனால நீங்க சேரோணும். மேட்டூருங்களா? இருக்கட்டும். கரண்டுக் கம்பெனி வேலைங்களா? இருக்கட்டுமுங்க! மாசம் ஒரு கூட்டம், ஒரு பிரியாணி. யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? இன்னிக்கே உங்களுக்கு மரியாதை. மண்டபத்து வாசல்ல ஆளுநர் கையால மகிழங்கன்னு நடறோம், பக்கத்துல நீங்கதான் நிக்கறீங்க. புது மண்டபம், வாசல் பூரா டைல்சு. குழி நம்ம பொறுப்புன்னு சொல்லி, ரிக் வண்டிய வெடியக்காலமே அனுப்பிச்சுட்டேன்.

ஏனுங்க மொகம் இப்படிப் போகுது? இருங்க, அன்புதான் கூப்படறான். அலோ... அலோ! டவர் கெடைக்கலீங்க, சித்த எந்திரிச்சு நின்னு பேசறேன். சொல்லு அன்பு. ஆளுநரே வந்துட்டாரா? நிறுத்தச் சொல்றாரா? கத்தறாரா! எத்தன அடி ஆச்சு? நூத்தம்பதா? பாதியில நிறுத்துனா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? போடு! இருபதாவது ஆளோட வந்துட்டே இருக்கறேன்னு சொல்லு. தங்கமான பையன், எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான், இதா பக்கத்துலயே...

தம்பி? அட, தம்பி! சேலத்துக்கல்ல டிக்கெட் எடுத்தீங்க, இது சங்ககிரிங்க! ஏனுங்க கண்டக்டரே, வண்டிய எடுக்காதீங்க! எங்க சங்கம் எறங்கி ஓடுதுங்க!